பிளாஸ்டிக்கா தம்பி?

பானட் மேல் நான்கு விரல்முட்டித் தடங்கள். பிரைமர் அடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தெருவோடு போன ஒரு பெரியவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு நிதானமாக வந்தார். டொக் டொக். "பிளாஸ்டிக்கா தம்பி?"

"ஃபைபர்ங்க."

"அதான், பிளாஸ்டிக்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய பிரைமரைத் துடைக்க இடம் தேடினார். என் வண்டியின் கதவு கிடைத்தது.

வண்டி சிபானி டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டனைப் பார்த்து 1982-ல் பெங்களூர்க்காரர்கள் கொண்டுவந்தது. 848 சி.சி. எஞ்சின், இரண்டே கதவு, மேலெல்லாம் கண்ணாடியிழை. எடை அம்பாசிடரில் பாதிதான் இருக்கும். ராலிகளில் பறந்தது அதனால்தான். அடுத்த வருஷம் டிசம்பரில் மாருதி வந்தது, இதைச் சீண்ட ஆளில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் 1953-ல் இதே ஃபைபரில் 300 கார்வெட்டைக் கையாலேயே செய்து முடித்தார்கள். அங்கே யாரும் சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்திருக்க மாட்டார்கள்.

பானட்டில் விழுந்த வெடிப்பை ஒட்டுவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தத் தட்டும் சமாசாரத்தை முடித்துவிடுகிறேன்.

மண்பானையைத் தட்டி வாங்குவது நியாயம். கடைக்காரரே தட்டிக் காட்டுவார். பிளாஸ்டிக் குடத்தை எதற்குத் தட்டுகிறோம்? தேங்காய்க்காரர் தட்டிக் கொடுத்ததை நாமும் காதருகே வைத்து ஒரு தடவை தட்டுவோம். என்ன சத்தம் வந்தால் நல்ல காய் என்று கேட்டால் தெரியாது. தட்டாமல் வாங்கினால் ஏமாந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தர்பூசணியைத் தட்டுகிறோம், பலாப்பழத்தைத் தட்டுகிறோம், கேஸ் சிலிண்டரைத் தட்டுகிறோம். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டுகிறோம். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் மொய் வைப்பதற்கு முன்னால் நிலைக்கதவைத் தட்டி "தேக்கா?" என்பார்கள். வேம்பு என்று சொல்லிப் பாருங்கள், மொய்க்கவர் கனம் குறையும். டிவி ஓடாவிட்டால் தலையில் தட்டு. பையன் படிக்காவிட்டாலும் அதே வைத்தியம். இதில் எங்கள் ஆர்.கே.பேட்டைக்காரர்களின் திறமை தனி. தெரு முழுக்க விசைத்தறி ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே காதில் விழாது. அந்த இரைச்சலில் என் பானட் மட்டும் "பிளாஸ்டிக்" என்று சொல்வது இவர்களுக்கு எப்படிக் கேட்கிறதோ!

ஊரிலேயே தட்ட மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள், தட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் டிங்கர். "தகரம்னா உள்ள இருந்து நாலு தட்டு தட்டி எடுத்துடலாம் சார். இதுல சுத்தி பட்டா பிட்டுக்கும். பட்டி போட்டு மூடிடவா?" மூடினோம். இரண்டே மாதத்தில் அதே இடத்தில் அதே கோடு.

கடைசியில் பானட்டைக் கழற்றிக் குட்டி யானையில் கட்டி, மாவட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்து எத்தனையோ காலமாயிற்று. படகு ஒட்டுகிறவருக்கு என் பானட் ஒரு பொருட்டா?

அவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாய்க் காசை எடுத்துத் தட்டினார். டங், டங், டங், பொத். "இங்க உள்ள விட்டுப்போச்சுண்ணே." மேலே தலைமுடி மாதிரி ஒரு கோடுதான். அடியில் தேய்த்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. வெடிப்பைச் சரிவாகச் செதுக்கி, கண்ணாடியிழை மேட்டைச் சின்னதும் பெரியதுமாகக் கிழித்து அடுக்கி, ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக்குமிழியை விரட்டினார். ரெசினில் கலக்கும் ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆர்வத்தில் நான் கலந்த மக் புகைந்து, கையில் இருக்கும்போதே கல்லாகிவிட்டது. தூசி உடம்பில் ஏறாமலிருக்க முன்கூட்டியே பவுடர் பூசிக்கொள்ள வேண்டுமாம். அரிக்க ஆரம்பித்த பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்தேன். பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்பதை மறுநாள் போனில் சொன்னார். மூன்று நாள் சொறிந்தேன்.

ஆக, தட்டினால் தெரியும் என்பது உண்மைதான். காசும் காதும் அவருடையதாக இருக்க வேண்டும்.

மிச்ச வேலையை எழுத இடமில்லை. முட்டித் தடத்தை 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, இன்று காலை மறுபடி பிரைமர் அடித்திருக்கிறேன். நாளைச் சாயங்காலம் வரை காய வேண்டும். அதுவரை எங்கள் தெரு வழியாகப் போகிறவர்கள் தயவுசெய்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகவும். பிளாஸ்டிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.