கொன்றவர் சைவம், தின்றவர் பாவம்

என் மாமா திருநெல்வேலிச் சைவப்பிள்ளை. முட்டை சேர்த்த கேக்கை நாய்க்குக்கூடப் போடமாட்டார். நாய் கெட்டுப்போய்விடும் என்பார். போன கோடையில் அவரைக் குன்னூருக்குக் கூட்டிப்போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இரண்டு பேருக்கும் வயிறு காலி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இலை விழுவதற்கு முன்பே மாமா விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

“ஏ தம்பி, சுத்த சைவந்தான?”

“சாப்பாடு சுத்த சைவங்க. மாஸ்டரும் நானுந்தான் அசைவம்.”

மாமா ஒரு கணம் திகைத்தார். பிறகு இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்: “அவுக வயிறு அவுக பாடு. நம்ம இலையில வராம இருந்தாச் சரி.”

நீலகிரியின் புலால் வரலாறு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருப்பது மாமாவுக்குத் தெரியாது. அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

‘கொன்றால் பாவம் தின்றால் போச்சு’ என்பது நம் ஊர்ப் பழமொழி. கொலைக்குக் குழம்பே பரிகாரம் என்று இதைவிடச் சுருக்கமாக எந்தச் சாஸ்திரமும் சொன்னதில்லை. ஆனால் கொன்றவனே தின்றால்தான் இந்தக் கணக்கு நேராகும். கொல்கிறவர் ஒருவர், தின்கிறவர் வேறொருவர் என்றால் பாவம் யார் பேரில் ஏறும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் கடவுள் நீலகிரியைப் படைத்தார் போலிருக்கிறது.

படைத்த கதையே அங்கே விசேஷம். அந்த மலையில் எருமை மேய்க்கும் பழங்குடியான தோடர்கள் சொல்வதன்படி, ஓன் என்ற தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரிசையாக வரவழைத்தது. கடைசி எருமை வெளியே வந்தபோது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளும் வந்தான். அவன்தான் முதல் தோடன். மற்ற ஊர்க் கதைகளில் மனிதனுடைய வசதிக்காக மாடு வரும். இங்கே எருமைதான் டிக்கெட் எடுத்த பயணி. மனிதன் ஃபுட்போர்டில் தொற்றி வந்தவன்.

தொற்றி வந்தவனும் நன்றி மறக்கவில்லை. பால்மனையைக் கோயிலாக்கினான். பால் கறப்பதும் தயிர் கடைவதும் பூஜை. அந்தக் காலத்தில் உயர்ந்த பால்மனையின் பூசாரிக்குப் பாலோல் என்று பெயர். அந்தப் பதவியில் இருக்கும்வரை பெண்டாட்டி பக்கம் போகக்கூடாது, யாரும் அவரைத் தொடக்கூடாது. பாலும் மோரும் நெய்யும் தானியமும்தான் சாப்பாடு. எருமைக் கறியைத் தொடுவதில்லை. இத்தனைக்கும் குளிருக்குக் கறி கேட்கும் மலை அது. மாமா கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

கண்ணீர் விடும் இடம் வேறொன்று இருக்கிறது. 1901இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் வந்து சில மாதம் தங்கி, தோடர்களைப் பற்றி 1906இல் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டார். அதில் சாவுச் சடங்கு விவரமாக இருக்கிறது. எருமையை விரட்டி, இளவட்டங்கள் கொம்பிலும் கழுத்திலும் தொங்கிப் பிடிப்பார்கள். இழுத்துவந்து பிணத்துக்கு அருகே நிறுத்தி, கோடரியின் பின்பக்கத்தால் நெற்றியில் ஒரே அடி. எருமை சாய்ந்ததும் ஆணும் பெண்ணும் ஓடிவந்து அதன் தலையில் தங்கள் தலையை வைத்துத் தேம்பித் தேம்பி அழுவார்கள். அந்த அழுகை நிஜம். தாம் பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்த எருமை அது.

எதற்காக அடித்தார்கள்? செத்தவர் போகும் உலகத்தில் அவருக்குப் பால் வேண்டாமா? அதற்காக. பாலுக்காகச் செய்த கொலை என்பதால் சைவத்துக்குப் பங்கமில்லை. புலால் மறுத்தலுக்குப் பத்துக் குறள் எழுதிய வள்ளுவர், தின்பவன் இல்லையென்றால் விற்பவனும் இருக்கமாட்டான் என்று வாதாடினார். மறு உலகத்துக்குக் கறவை அனுப்பும் ஏற்பாடு அவர் காதுக்கு எட்டியிருந்தால் பதினோராவதாக ஒன்று எழுதியிருப்பார்.

எருமையின் ஆவி மறு உலகம் போய்விட்டது. உடம்பு இங்கே கிடக்கிறது. அதை என்ன செய்வது? அங்கேதான் மலையின் இன்னொரு பழங்குடியான கோத்தர்கள் வருகிறார்கள். உண்மையில் அவர்கள் ஏற்கெனவே வந்துதான் இருக்கிறார்கள். சாவு வீட்டில் கொம்பும் மேளமும் அவர்களுடையது. கோடரி செய்யும் கொல்லர்களும் அவர்களே. ஆகக் கோடரி கோத்தர் செய்தது, அடி தோடர் கொடுத்தது, அழுகை தோடருடையது, கறி கோத்தர் வீட்டுக்கு. மந்து எனப்படும் தோடர் ஊரில் எருமை தானாகச் செத்தாலும் சேதி அவர்களுக்குத்தான் போகும். அப்புறம் தோடர்களும், மலையில் பயிர்செய்யும் படகர்களும் கோத்தரை ஒரு படி கீழே நிறுத்தினார்கள். ஏனப்பா? “செத்த எருமையைத் தின்கிறவர்கள்!”

அடித்தவருக்குப் பெயர் சைவம். அப்புறப்படுத்தியவருக்குப் பெயர் தீட்டு. நம் பழமொழி தலைகீழாகி, கொன்றால் போச்சு, தின்றால் பாவம் என்றானது இங்கேதான்.

இன்னொரு வேடிக்கை. கோத்தர்கள் பசுமாடு வைத்திருந்தாலும் பால் கறப்பதில்லை, கன்றுக்கே விட்டுவிடுவார்கள் என்று அந்தக் கால வெள்ளைக்காரர் குறிப்புகள் சொல்கின்றன. இன்று வீகன் என்று சொல்லிக்கொண்டு பாதாம் பாலில் காபி குடிக்கும் பெங்களூர்ப் பிள்ளைகளை நீதிபதியாக உட்காரவைத்தால் தீர்ப்பு எப்படி வரும்? செத்ததைத் தின்றவன், பாலைத் திருடாதவன், கோத்தர் விடுதலை. பாலுக்குப் பெட்டைக் கன்று போதும், கிடாக்கன்றை என்ன செய்தீர்கள் என்று தோடரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதற்கும் ரிவர்ஸ் கைவசம் குறிப்பு உண்டு. சடங்காக ஒரு கிடாக்கன்றைப் பலியிட்டு, அந்தச் சடங்கில் மட்டும் தோடர்களே தின்பதையும் அவர் விடாமல் எழுதிவைத்துவிட்டார். விருந்தாளியை வீட்டுக்குள் விட்டால் அடுப்படி வரை போவான்.

இந்தக் கூட்டுக் குடித்தனத்தின் நடுவே 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறி வந்தார். ஊட்டியில் கல்வீடு கட்டினார், ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு போட்டார். உருளையும் முட்டைக்கோசும் கேரட்டும் நம் சாம்பாருக்குள் வந்ததில் மாட்டுக்கறி தின்றவர்களின் பங்கு பெரிது. மாமாவுடைய இலையில் அன்று இருந்த பொரியலைச் சைவ உலகத்துக்குத் தந்தவர்கள் சுத்த அசைவர்கள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது மனிதரைத் துன்புறுத்தக் கூடாது.

துரைமார் கொன்ற விதம் தனி ரகம். இங்கிலாந்தில் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை ஏவி, நரியைத் துரத்துவது பெரிய மனிதர் பொழுதுபோக்கு. ஊட்டியில் அந்த நரி இல்லை. அதனால் என்ன, குள்ளநரி இருக்கிறதே! சீமை நாய்களைக் கப்பலில் வரவழைத்து, சிவப்புக் கோட்டு மாட்டி, ஊதல் ஊதி, வென்லாக் புல்வெளியில் ஊட்டி ஹண்ட் கிளம்பியது. பிடித்த குள்ளநரியைத் தின்றார்களா? சீச்சீ. ஆக, கொன்றும் தின்னாதவர்கள் என்ற தகுதியில் துரைமாரும் தோடரும் ஒரே பெஞ்சு. ஒரே வித்தியாசம், தோடர் அழுதார்.

துரைமாரும் அழுதார்கள், கொஞ்சம் தாமதமாக. வரையாடும் கடமானும் சுடச் சுடக் குறைந்துபோனதைப் பார்த்து, 1877இல் சுட்டவர்களே கூடி ஒரு பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். 1879இல் சட்டமும் வந்தது. எதற்காகப் பாதுகாப்பு? அடுத்த சீசனில் சுடுவதற்கு. தூண்டில்காரர்களுக்கும் குறை வைக்கவில்லை. ஓடைகளில் தமக்குப் பிடித்த டிரவுட் மீன் இல்லையே என்று 1860கள் முதல் முட்டை முட்டையாக வரவழைத்துச் சாகவிட்டார்கள். கடைசியில் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்துத்தான் ஓய்ந்தார்கள். பிடிப்பதற்காக ஒரு மீனைக் கடல் கடத்தி வளர்த்த அன்பை எந்த நூலும் பாடவில்லை.

1883இல் இன்னொரு விருந்தாளி. தியாசபி அம்மையார் பிளாவட்ஸ்கி ஊட்டியில் ஜெனரல் மார்கன் வீட்டில் தங்கினார். நீலமலை ஜாதியாரைப் பற்றி ருஷ்யப் பத்திரிகையில் தொடர் எழுதினார். தோடர்கள் எருமையும் பாலுமாக வாழும் தெய்வீகப் பிறவிகள், குறும்பர்கள் பில்லிசூனியக் குள்ளர்கள் என்று அடித்துவிட்டார். பாலின் புனிதத்தை இப்படிப் புகழ்ந்த அம்மையார் சைவமில்லை. கறியும் உண்டு, ஓயாத சிகரெட்டும் உண்டு. சைவத்தைப் பிறர் கடைப்பிடிக்கும்போது பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

அழகு போதும், அறிவியலுக்கு வருவோம். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர், பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் ஓர் அறையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கினார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு அதுதான் தாய்வீடு. 1958இல்தான் அங்கே குடிபோனது. அவர் செய்த வேலை எளிமையானது. எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டார். சீக்கியச் சாப்பாடு தின்ற எலி முதலிடம். கடைசி இடம் யாருக்கு? மதராஸிச் சாப்பாட்டு எலிக்கு. தீட்டிய வெள்ளை அரிசிதான் காலை வாரியது. நம் எலி நம் மானத்தை வாங்கியதை இதுவரை எந்தத் தமிழ்ப் பாடப்புத்தகமும் சொல்லித்தரவில்லை.

“பார்த்தாயா, கறி தின்றவன் ஜெயித்தான்” என்று பிரியாணிக் கட்சி கைதட்டும். அவசரம் வேண்டாம். சீக்கிய எலிக்குக் கறி வாரத்துக்கு ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி. இன்னொரு கூட்டத்துக்கு மெக்கரிசன் தன் சொந்த நாட்டு ஏழைகளின் சாப்பாட்டைப் போட்டார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த முட்டைக்கோசும் கிழங்கும், டப்பாவில் அடைத்த இறைச்சி. அந்த எலிகள் வளர்த்தியில்லாமல் குறுகின. சோறு போட வந்தவர்களைக் கடித்தன. கடைசியில் தங்களுக்குள் நோஞ்சானைக் கொன்று தின்னத் தொடங்கின. டப்பாக் கறி தின்று தின்று, அலுத்துப்போய் அக்கம்பக்கத்தாரைத் தின்றன. இரண்டு கூட்டமும் அசைவம்தான். ஒன்று சமர்த்தாக விளையாடியது, ஒன்று கொலைகாரக் கும்பலானது. தட்டில் கறி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு எலி வைத்த குட்டு அது.

அதே குன்னூரில் 1934 தொடக்கத்தில் காந்தி வந்து தங்கினார், ஹரிஜன யாத்திரையின் நடுவே. பாலே குடிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தவர் அவர். நோயில் விழுந்தபோது, சபதம் எடுக்கையில் நினைத்தது பசுவையும் எருமையையும்தானே, ஆடு கணக்கில் இல்லையே என்று கஸ்தூர்பா ஒரு சந்து கண்டுபிடித்தார். மகாத்மா அந்தச் சந்தில் நுழைந்து, பின்னர் அதற்காக மனம் வருந்திச் சுயசரிதையில் எழுதினார். சந்தில் நுழையாத சைவர் யாருமில்லை. நுழைந்ததை எழுதி வைத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அதே யாத்திரையில் ஊர் ஊராகப் போய், செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடுங்கள் என்று ஒடுக்கப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்பேத்கரும் 1927இல் மகாடில் அதைத்தான் சொன்னார். ஒருவர் சுத்தத்துக்காகச் சொன்னார், மற்றவர் மானத்துக்காகச் சொன்னார்.

மலைமேல் மானத்துக்காகச் சொன்னவர் சுல்லி. நீலகிரியிலேயே கொல்லிமலை என்ற கோத்தர் ஊரில் பிறந்தவர். இங்கிலீஷ் படித்த பள்ளிக்கூட வாத்தியார். மொழியியலாளர் எமனோவுக்குக் கோத்தர் கதைகளைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தவர். மானுடவியலாளர் மண்டல்பாம் இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1930களில் சுல்லி முதலில் தன் குடுமியை வெட்டினார். ஊர் கொதித்தது. பிறகு செத்த எருமையை விடுவோம், அடுத்தவர் சாவுக்கு மேளம் அடிப்பதையும் விடுவோம் என்றார். ஊர் இன்னும் கொதித்தது. தின்றதற்காக இழிவாகப் பேசியவர்களே, தின்னமாட்டேன் என்றபோதும் முகம் சுளித்தார்கள். பாவம் சுமப்பவன் ராஜினாமா கொடுத்தால் புண்ணியவான்களுக்கு எவ்வளவு சிரமம்!

கோத்தர் மெல்லமெல்ல அந்த வேலையிலிருந்து விலகினார்கள். மலையில் எருமைகளே குறைந்துபோயின. மேய்ச்சல் நிலமெல்லாம் தேயிலையும் யூகலிப்டஸும் ஆனபின் மறு உலகத்துக்கு அனுப்ப எத்தனை எருமை மிஞ்சும்?

ஓட்டலுக்குத் திரும்புவோம். மாமா மோர் விட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்து, கை கழுவி, டீ வேண்டும் என்றார். “நல்லாப் பால் விட்டு, திக்கா” என்று உத்தரவு. அந்தப் பாலின் கன்று கிடாவா பெட்டையா, கிடா என்றால் எங்கே போயிற்று என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது. கேட்கவில்லை. நானும் பால் டீதான் சொல்லியிருந்தேன்.

டம்ளரைக் கொண்டுவந்து வைத்த அதே பையன், எங்கள் எச்சில் இலைகளை மடித்து எடுத்துக்கொண்டு போனான். மாமா அவனைத் திருப்தியாகப் பார்த்தார்.

“பாத்தியாடே, அசைவமா இருந்தாலும் நல்ல பையன்.”