ஊருக்குள் நுழையக் காசு

கேள்வி: வெனிஸ் நகருக்குள் போகவே கட்டணமாமே? வீடு தேடி வரும் விருந்தாளியிடம் காசு கேட்கலாமா?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இரவு தங்குகிற விருந்தாளியிடம் கேட்பதில்லை, அவரிடம்தான் விடுதியிலேயே வரி கறந்துவிடுகிறார்களே! காலையில் வந்து, பாலத்தில் நின்று படம் பிடித்து, மாலையில் கிளம்புகிறவருக்குத்தான் 5 யூரோ. 2024 ஏப்ரல் 25-ல் தொடங்கினார்கள், அதுவும் கூட்டம் நெரியும் நாட்களில் மட்டும். விமானத்துக்கு அத்தனை செலவழித்து வந்தவர், ஒரு காப்பி, பன் காசுக்குப் பயந்து திரும்பிப் போவாரா என்ன? 2025-ல், கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். அதற்கும் பயணிகள் அசரவில்லை.

வெனிஸ்காரர்களின் கவலை வேறு. 1951-ல் வெனிஸ் தீவு நகரில் குடியிருந்தவர்கள் சுமார் 1,75,000 பேர். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வீடுகள் எல்லாம் நாள் வாடகை அறைகளாகிவிட்டன. காய்கறிக் கடை இருந்த இடத்தில் முகமூடி விற்கிறார்கள். ரியால்டோ பாலத்தருகே ஒரு மருந்துக்கடை ஜன்னலில் மீதமிருக்கும் மக்கள்தொகையை மின்பலகையில் காட்டுகிறார்கள். போகிற போக்கில் மருந்துக்குக்கூட ஒரு வெனிஸ்காரர் மிஞ்சமாட்டார்.

சுற்றுலாக் கூட்டத்தை எதிர்ப்பதில் பார்சிலோனாக்காரர்கள் இன்னும் நேரடி. 2024 ஜூலையில் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். அந்த ஊர் ஜூலை வெயிலில் சிலர் நன்றி சொல்லியிருப்பார்கள்!