ஏணை ஆட்டத் தெரியுமா தம்பி?

என்னப்பா தம்பி, கேமராவும் கையுமா மலாக்கா ஜாசின் பக்கம் அலையறியாமே. மீசை முளைக்கறதுக்குள்ள அப்பன் ஆன பொடியன், பள்ளிக்கூடப் பை போட வேண்டிய வயசுல புள்ளை சுமக்குற பொண்ணு, இவங்களைப் பத்திப் படமாம். வசனம் எழுத மாட்டியாம். சூழ்நிலையைச் சொன்னாப் போதுமாம், பேச்சு தானா வருமாம். நல்லா வரும் போ. ராத்திரி ரெண்டு மணிக்கு நிஜப் புள்ளை வீல்னு கத்துறப்ப வர்ற பேச்சை எந்த சென்சார் விடுவான்?

2025-ல பெல்ஜியத்து டார்டென் அண்ணன் தம்பிங்க இளம் தாய்மாருங்க விடுதியை வச்சுப் படம் எடுத்தாங்க. கான் விழாவுல பரிசு குடுத்தாங்க. எதுக்குங்கற? திரைக்கதைக்கு! அவங்க உக்காந்து எழுதினாங்கப்பா. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

உன் நாயகனைப் பார்த்தேன். கையில பொம்மைப் புள்ளை. தலைக்குக் கீழ கை குடுக்காமத் தூக்குறான். கண்ணுல தண்ணி மட்டும் ஆறா ஓடுது. அழுதாப் போதுமா? பீத்துணி யாரு அலசுறது?

அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்துலயும் சின்ன வயசுத் தாய் இருந்தா. விடியக்காலை ஆளெண்ணுற பெரட்டுக்கு முன்ன, தூங்குற புள்ளையை ஆயாக்கொட்டாய்ல போட்டுட்டு மரம் வெட்ட ஓடுவா. வரிசையா ஏணை தொங்கும். ஆயா ஒண்ணைக் கையால ஆட்டுவா, இன்னொண்ணைக் காலால தள்ளுவா. பால் கட்டி மாரு வலிக்க, வெட்டு முடிஞ்சதும் இவ ஓடியாருவா. பொற்காலம்னு சொல்ல வரலப்பா. அவ படிப்பு அதோட சரி. 2005-ல தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை' பார்த்தியா? மேல படிக்க ஏங்குற தோட்டத்துப் பொண்ணு கதைதான்.

உன் படத்துப் பொடியனுக்கும் பொண்ணுக்கும் கட்டி வச்சாச் சரியாப் போயிடும்பான் ஒருத்தன். நம்ம மலேசியக் கல்யாணச் சட்டம் 1976-ல எழுதினது, 1982-ல நடப்புக்கு வந்தது. 18 முடியணும். 16 முடிஞ்ச பொண்ணுன்னா முதலமைச்சர் அனுமதி வேணும். சரி, கையெழுத்து வாங்கிட்ட. அந்தக் கையெழுத்து ராத்திரி எந்திரிச்சு ஏணை ஆட்டுமா?

2010-ல இதே ஜாசின்ல, கர்ப்பமான பொண்ணுங்க படிக்கன்னு 'செக்கோலா ஹராப்பான்'னு ஒரு பள்ளிக்கூடம் திறந்தாங்க. மாநில இஸ்லாமிய சமய மன்றம் செஞ்ச காரியம். ஒழுக்கம் கெட்டுடும்னு முணுமுணுத்தவனும் உண்டு. வயித்துப் புள்ளையோட உக்கார ஒரு பெஞ்சு குடுத்தா ஒழுக்கமா கெடும்? உன் படத்துல அந்த பெஞ்சு வருதா?

அப்பன் பக்கம் வருவோம். 2023-லேர்ந்து வேலைக்குப் போற ஆத்தாளுக்குப் பிரசவ லீவு 98 நாள். கல்யாணம் கட்டின அப்பனுக்கு 7 நாள். தொப்புள்கொடி விழறதுக்குள்ள ஐயா வேலைக்குக் கிளம்பிடுவாரு!

படம் எடு, வேணாம்னு சொல்லல. நிஜமாவே புள்ளை பெத்த பொண்ணையும் நடிக்கக் கூப்பிட்டிருக்கியாமே. அவ கேமரா முன்னால நிக்கறப்ப புள்ளையை யாரு வச்சிருப்பா? மூஞ்சிக்குப் பவுடர் பூச ஆள் வச்சிருக்க. கோப்பி வாங்க ஆள் வச்சிருக்க. ஆயா வச்சியா? முதல்ல ஆயாவுக்கு நாலு வெள்ளி சம்பளம் ஒதுக்கு. மிச்சக் காசுல கலையை வளர்த்துக்கலாம்.