ஒட்டிய கட்டைகள்

எழுபதுகளில் தோ பாயோ வீவக வீட்டில் அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து இருந்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய லெகோ கட்டைகள். சிவப்பும் வெள்ளையுமே அதிகம். நாங்கள் குடியிருந்த புளோக்கையே கட்டுவோம். நாலு மாடி எழும்புவதற்குள் சன்னல்கள் தீர்ந்துவிடும். அதற்கு மேலே வெறும் சுவர்தான். மறுநாள் பேருந்து கட்ட வேண்டுமென்றால் புளோக்கை இடித்தாக வேண்டும். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டால், "கட்டை எங்கேடா போகப்போகுது? மறுபடி கட்டிக்கலாம்" என்பான் அண்ணன்.

2012 இறுதியில் மெரினா பே ஆர்ட்சயன்ஸ் அரும்பொருளகத்துக்கு 'தி ஆர்ட் ஆஃப் த பிரிக்' கண்காட்சி வந்தது. மகளை அழைத்துக்கொண்டு போனேன். அதிலிருந்த லெகோ சிற்பங்களைச் செய்த நேத்தன் சவாயா நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தவர். அந்தத் தொழிலை விட்டுவிட்டுக் கட்டைகளோடு உட்கார்ந்தவர். 20 அடி நீள டைனோசர் எலும்புக்கூட்டுக்கு மட்டும் 80,020 கட்டைகள் வைத்திருக்கிறார்.

என்னை நிறுத்திவைத்தது மஞ்சள் மனிதன். இரண்டு கையாலும் தன் நெஞ்சைப் பிளக்கிறான்; உள்ளேயிருந்து மஞ்சள் கட்டைகள் கொட்டுகின்றன. கிட்டப்போனால் கன்னமும் தோளும் படிப்படியாக, குமிழ் குமிழாகத் தெரிகின்றன. நாலடி தள்ளி நின்றால் அந்தப் படிகள் மறைந்து வளைவாகிவிடுகின்றன.

"இதைப் பிரிக்க முடியாதாப்பா?" என்றாள் மகள். முடியாது. சவாயா கட்டைகளைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார். ஊர் ஊராக ஏற்றிப்போகும் சிற்பம் வழியில் உதிரக்கூடாதே. இடையில் ஏதாவது பிசகினால் சுத்தியலும் உளியும் கொண்டு பெயர்த்தெடுக்கிறார். கல்தச்சர் கையிலிருக்கும் அதே கருவிகள்! எங்கள் காலத்தில் நகமும் பல்லும்தான் உளி.

ஒட்டிவிட்டால் அது விளையாட்டே இல்லை என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சிற்பம் என்றால் நிற்கத்தான் வேண்டும். அவர் எடுத்தாள்வதோ கடையில் கிடைக்கிற சாதாரணக் கட்டை. பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை அன்றைக்கே வீட்டில் முயன்று பார்க்கலாம். என் வருத்தம் வீடுகளைப் பற்றித்தான். படம் போட்ட கையேட்டைப் பார்த்து ஒரே ஒரு தரம் கட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, "தொடாதே" என்கிறோம். அரும்பொருளகம் அப்படிச் சொல்லலாம். வீடு சொல்லக்கூடாது.

டென்மார்க்கின் பில்லுண்டில் இருக்கும் லெகோ நிறுவனம், உள்ளே குழாய் வைத்த இந்தக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கோரியது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு இப்போதும் கச்சிதமாகப் பொருந்தும். ஆகவே ஸ்டோர் ரூமில் பழைய கட்டைகள் கிடந்தால் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். புதியவற்றோடு கலந்து, கையேட்டை எடுத்துவைத்துவிட்டு, பிள்ளைகளிடம் கொடுங்கள்.