ஊர் வாங்கிய பப்

இங்கிலாந்தின் வடக்கே, கம்ப்ரியாவில், குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது ஹெஸ்கெட் நியூமார்க்கெட். நடுவில் புல்வெளி, இருபுறமும் பழைய வீடுகள், ஒரே ஒரு பப். 1857-ல் எழுத்தாளர்கள் சார்லஸ் டிக்கன்ஸும் வில்கி காலின்ஸும் இந்த ஊரில் தங்கினார்கள். பக்கத்திலுள்ள கேரக் ஃபெல் குன்றில் மழையோடு மழையாக ஏறி, இறங்கும்போது காலின்ஸ் காலைச் சுளுக்கிக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசியில், பக்கத்து நகரமான கார்லைலில் வேலை பார்த்தபோது, 'ஓல்ட் க்ரௌன்' என்ற அந்த பப்புக்கு ஒரு நண்பர் என்னை அழைத்துப் போனார். குடிப்பழக்கம் இல்லாத எனக்கு உள்ளே கால் வைக்கவே தயக்கம். எங்கள் ஊரில் சாராயக்கடை வாசலைக்கூடத் தலைகுனிந்து கடந்தவன் நான். ஆனால் அங்கே கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் நாய். சேறு படிந்த பூட்ஸோடு ஆடு வளர்ப்பவர்கள் சந்தை விலை பேசினார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக் கூரைக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். 'ரவுண்டு' என்றொரு வழக்கம்: ஒருவர் எழுந்துபோய் மேசையில் உள்ள எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். என் ஆரஞ்சு ஜூஸும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. என் முறை வந்து நான் எழுந்தபோதுதான் அந்த மேசையில் நானும் ஓர் ஆள் ஆனேன்.

அன்றைக்கு உள்ளே ஒரே சிகரெட் புகை. 1988 வரை மதியத்தில் பப்பைச் சாத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது, முதல் உலகப்போர் காலத்துக் கட்டுப்பாட்டின் மிச்சம் அது. அதே 1988-ல் பப்பின் பின்னாலிருந்த களஞ்சியத்தில் ஒரு சிறு பீர் ஆலை தொடங்கினார்கள். சுற்றியுள்ள மலைகளின் பெயர்களையே பீருக்கு வைத்தார்கள்: ஸ்கிடா, பிளென்காத்ரா.

பிறகு உரிமையாளர் பப்பை விற்க முடிவெடுத்தார். வாங்குபவர் அதை வீடாக மாற்றிவிட்டால் ஊர் கூடுவதற்கு இடமில்லை. 2003-ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டு, கூட்டுறவாகப் பதிந்து, தாங்களே அதை வாங்கினார்கள். பிரிட்டனில் இப்படிக் கூட்டுறவின் கைக்கு வந்த முதல் பப் இதுதான் என்கிறார்கள். நடத்துவது ஒரு குத்தகைக்காரர், உரிமை ஊருடையது.

இன்று போனால் புகை இல்லை, 2007-ல் வந்த தடை அதை வெளியேற்றிவிட்டது. காசு எண்ணும் கைகள் குறைந்து, அட்டையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் பேச்சு மட்டும் குறையவில்லை. நாடு முழுக்க நிலைமை அப்படியில்லை. 2000-ல் பிரிட்டனில் சுமார் 60 ஆயிரம் பப்கள் இருந்தன, இப்போது 45 ஆயிரம் அளவில் நிற்கின்றன. வரியும் மின்கட்டணமும் ஏற, சூப்பர்மார்க்கெட்டில் மலிவாக வாங்கி வீட்டிலேயே குடிப்பது பெருக, கிராமத்து பப்கள் பலவும் ஒவ்வொன்றாக வீடுகளாகிவிட்டன. 2011-ன் உள்ளூராட்சிச் சட்டம் ஊராருக்கு ஒரு பிடி கொடுத்தது. பப்பைச் சமூகச் சொத்தாகப் பதிந்துவைத்தால், விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம் என்றது அது.

சட்டம் அவகாசம்தான் தரும், பணத்தை ஊர்தான் போட வேண்டும். ஹெஸ்கெட் நியூமார்க்கெட்காரர்கள் அந்தச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே போட்டுவிட்டார்கள்.