எல்லை கடக்கும் கிழட்டுக் கார்களின் மூப்பியல்

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவர் காலத்தில் கார் இல்லை. இருந்திருந்தால் மூன்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டில் வேலையை முடித்திருப்பார். ஓடத் தயங்கும் வண்டியைக் 'கிளாசிக்' என்பது மங்கலம். அதன் துருவைப் 'பாட்டினா' என்பது இடக்கரடக்கல். அதே வண்டியைச் சுங்க அதிகாரி '9705' என்று அழைப்பது குழூஉக்குறி. இந்தக் கடைசி எண்ணே நமது ஆய்வின் உயிர்நிலை. அதற்குமுன் வயதைப் பேசியாக வேண்டும்.

வெளிநாடு போக மனிதனுக்கு இளமை உதவும். முதுமை வந்துவிட்டால் பிள்ளைகள் கையொப்பமிட வேண்டும். காருக்கு நேர்மாறு. நடுவயதில் எல்லையில் நின்றால் விரட்டுகிறார்கள். தலை நரைத்து வந்தால் வழிவிடுகிறார்கள். ஆனால் எந்த வயதில் நரைக்கிறது என்பதில் அரசுகளுக்குள் ஒற்றுமை இல்லை.

கனடாவில் மூப்பு 15 வயதில் தொடங்குகிறது. அதைக் கடந்த வண்டியிடம் இறக்குமதிப் பாதுகாப்பு விதிகள் கேள்வி கேட்பதில்லை. அமெரிக்காவில், 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 25. விளைவைப் பாருங்கள். நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் என்னும் ஜப்பானியக் கார் 1999 ஜனவரியில் பிறந்தது. 2014-இலேயே அது கனடாவின் விண்ட்சர் நகரில் ஊர்ப் பெரியவர். அம்பாசடர் பாலத்தைத் தாண்டினால் டெட்ராய்ட். அங்கே நிரந்தரமாகக் குடியேற 2024 வரை அது மைனர். பிறந்த ஆண்டு மட்டும் போதாது, மாதமும் வேண்டும்: 2002 ஆகஸ்டில் தயாரான கடைக்குட்டி 2027 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். நம்மூர் ஜோசியர் இன்னும் ஒரு படி மேலே போய் நேரத்தையும் கேட்டிருப்பார், அவ்வளவுதான் வேறுபாடு. (பாலத்தின் பெயரைக் கண்டு, நம் அம்பாசடர் காருக்கும் அதற்கும் உறவு நிறுவ இக்கட்டுரையாளர் செலவிட்ட மூன்று நாள் வீண். பாலம் 1929-இல் திறக்கப்பட்டது. கார் வந்தபோது பாலத்துக்கே கல்யாண வயது.)

அமெரிக்காவுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அசல் எஞ்சினோடு வரும் வண்டியைச் சுற்றுச்சூழல் முகமை 21 வயதில் மன்னித்துவிடுகிறது. சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 25 ஆகாமல் அசையாது. புகை விட 21 போதும், மோதிக்கொள்ள 25 ஆக வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

வண்டிக்குப் பின்னால் சரக்குத் தொட்டி இருந்தால் கதை வேறு. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரியை உயர்த்தினார்கள். பதிலுக்கு அமெரிக்கா சிறு சரக்கு வண்டிகளுக்கு 25 விழுக்காடு வரி போட்டது. அந்தக் கோழிகள் குழம்பாகி அறுபது ஆண்டு ஆயிற்று. வரி இன்னும் உயிரோடிருக்கிறது. ஜப்பானிலிருந்து குட்டி லாரி ஒன்றை ஆசையாக வாங்கி வருகிறவர், முகம் தெரியாத கோழிகளுக்குத் திவசச் செலவு கட்டுகிறார்.

நிற்க. 9705-க்கு வருவோம். உலகச் சுங்கப் பட்டியலில் காரின் பிறந்த வீடு 8703. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 30 வயது நிரம்பி, சேசிஸ், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றமின்றி, அந்த மாடலின் உற்பத்தியும் நின்று போயிருந்தால், வண்டி 9705 என்னும் புகுந்த வீட்டுக்குப் போகலாம். சுங்க வரி பூச்சியம். மதிப்புக் கூட்டு வரி பிரிட்டனில் 20-க்குப் பதில் 5 விழுக்காடு, ஜெர்மனியில் 19-க்குப் பதில் 7. இவ்வளவு நல்ல சம்பந்தம் என்றால் குடும்பத்தை விசாரிக்க வேண்டாமா? விசாரித்தோம். அகழ்வில் கிடைத்த பொருட்கள், நூறாண்டு கடந்த நாணயங்கள், அழிந்துபோன உயிரினங்களின் எச்சங்கள். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து மனித உடலுறுப்புகளுக்கும் தனி அறை. ஆக, கப்பலிலிருந்து இறங்கும் மோரிஸ் மைனருக்கு ஒரு மண்டையோடு நாத்தனார் முறை.

இந்த வீட்டுக்குள் நுழைய ஐரோப்பிய நீதிமன்றம் 1985-இல் நான்கு இலக்கணம் சொன்னது. பொருள் அரிதாயிருக்க வேண்டும். விலை மிக்கதாயிருக்க வேண்டும். சாதாரணச் சந்தைக்கு வெளியே கைமாற வேண்டும். இவை மூன்றும் சிறுபான்மை. நான்காவது, தான் எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்த வேலையை வழக்கமாகச் செய்யாதிருக்க வேண்டும். இதனால், கிழட்டுக் காரைத் தருவிப்பவர் சொல்லும் 'சொந்த உபயோகம்' என்பது ஒரு தொகைச்சொல் என்பதும், விரித்தால் 'சொந்த உபயோக இன்மை' என்று வரும் என்பதும் துணிபு. யாழ்ப்பாணத்து ஆஸ்டின்களும் மோரிஸ்களும் பெட்ரோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெய் குடித்து ஆள் ஏற்றிப் பிழைத்தவை. அந்தக் கிழவர்களை இந்த இலக்கணத்தின் முன் நிறுத்தினால், உழைத்த குற்றத்துக்காகவே வாசலில் நிற்க வைக்கலாம். தார்ப்பாய்க்குள் நாற்பது வருடம் குறட்டை விட்டவருக்கு உள்ளே நாற்காலி. இக்கட்டுரையாளருக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆயினும் அவரிடம் இருப்பது ஒரு சைக்கிள் மட்டுமே என்பதால் அவர் கருத்து ஏற்கப்படாது.

ஆஸ்திரேலியா வயதோடு ஆசாரமும் பார்க்கும் தேசம். அங்கே 2003 டிசம்பர் 31 முதல் கல்நார் முழுத்தடை. பழைய காரின் பிரேக் லைனிங்கிலும் கிளட்சிலும் கேஸ்கெட்டிலும் கல்நார்தான் குடியிருக்கும். அதை முன்கூட்டியே கழற்றிவிட்டோம் என்று நிரூபிக்காமல் துறைமுகப் படியேற முடியாது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை பூச்சிப் பருவம் வேறு. நாற்றப் பூச்சி ஒன்று இருக்கை இடுக்கில் ஒளிந்து வரும் என்ற அச்சத்தால், அது பரவிய நாடுகளிலிருந்து வரும் வண்டிக்கு வெப்பச் சிகிச்சை அல்லது புகைமூட்டம். பிரிட்டன் எஞ்சினை மாற்றாதே என்கிறது; ஆஸ்திரேலியா கேஸ்கெட்டைக் கழற்று என்கிறது. கேஸ்கெட் எஞ்சினில் அடங்குமா என்பதைத் தனி நூலாக எழுத உத்தேசம்.

முடிவாக இந்தியா. 2021-இல் வந்த விதிப்படி நம் நாட்டில் மூப்பு 50 வயதில் வாய்க்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்ததானால் சுங்க நுழைவுப் பட்டியலையும் இணைத்து, 20,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி', 'ஏ' என்று இரண்டு ஆங்கில எழுத்து வரும். சேர்த்துப் படித்தால் 'வா'. அரசு வாயால் வா என்று ஒரு வண்டியை அழைத்தது இதுவே முதல் முறை. வந்த பின் எங்கே போகலாம் என்றால், கண்காட்சிக்குப் போகலாம், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்குப் போகலாம், பழைய கார் அணிவகுப்புக்குப் போகலாம், பழுது பார்க்கப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். அன்றாட வேலைக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சியும் அணிவகுப்பும் இல்லாத மாதத்தில் பங்க்குக்குப் போய் வரலாம். போட்ட பெட்ரோல் எதற்கு என்றால், மறுபடி பங்க்குக்குப் போக.

இந்தப் பதிவு பத்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய்.