பெட்டியின் படத்துக்கு அப்பால்

கேள்வி: பொம்மைக் கட்டிகளில் சொந்த மாதிரிகளை வடிவமைப்பது பெரியவர்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கா? பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து அடுக்கினால் போதாதா?
- வாசகர், இலங்கைத்துறை

பதில்: போதாது. படம் பார்த்து அடுக்கும்போது யோசனை வேறொருவருடையது; உங்களுடையது விரல்கள் மட்டுமே. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிற லெகோ கட்டிகள் 6 இருந்தால் அவற்றை 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டி காட்டுவது அதில் ஒன்றை! உதாரணத்துக்கு உங்கள் திருகோணமலையையே எடுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டையை மாதிரியாகச் செய்து, பிரித்து, அதே கட்டிகளால் கோயிலை எழுப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியிலும் கிடைக்காத வரலாற்றுப் பாடம் அது. சுவர் எளிது, கோபுரம்தான் சோதிக்கும். ஒவ்வொரு நிலையும் உள்வாங்க வேண்டும், மாடங்கள் வெளியே பார்க்க வேண்டும். அதற்குக் கட்டியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தட்டையான துண்டின் உயரம் 3.2 மில்லிமீற்றர், குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8. ஆகவே ஐந்து தட்டைகளை அடுக்கினால் இரண்டு குமிழ் அகலம் பிசகாமல் வரும். இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவது குழந்தை விளையாட்டல்ல, பொறியியல்.

விலை அதிகம் என்பீர்கள், உண்மைதான். ஆனால் வடிவமைக்கக் கட்டியே தேவையில்லை. பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற இலவசக் கணினி மென்பொருள் போதும். வாங்கிய கட்டியும் வீணாகாது: 1958இன் கட்டி இன்றைய கட்டியோடு பொருந்தும். முதலில் கோட்டை வாசலை மட்டும் செய்யுங்கள்.